பிரீ எக்லாம்சியா வந்து போன பிறகு: தாயின் இதயமும் ரத்தக்குழாய்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், மூளை, ரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்டாலோ அது பிரீ எக்லாம்சியா. வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்சியா. ஊர்ப் பேச்சில் ஜன்னி. பிரசவம் ஆனதும் பெரும்பாலோருக்கு பிபி இறங்கிவிடும். குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தாயின் பிபியை அடுத்து யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. மகப்பேறு மருத்துவரின் வேலை முடிந்து, பொது மருத்துவரின் வேலை இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில்தான் பல பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

பிரசவமாகி பிபி நார்மலாகிவிட்டது. இனி எனக்கு என்ன?

பயப்படத் தேவையில்லை. ஆனால் மறந்துவிடவும் கூடாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளியான தொகுப்பின்படி, பிரீ எக்லாம்சியா வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தர ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 3.7 மடங்கு. மாரடைப்பு போன்ற இதய ரத்தக்குழாய் நோய்க்கு சுமார் 2 மடங்கு, பக்கவாதத்துக்கு 1.8 மடங்கு. 2017-இல் வந்த இன்னொரு தொகுப்பு, இதயச் செயலிழப்புக்கு சுமார் 4 மடங்கு என்று காட்டியது.

மடங்குக் கணக்கு கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். முப்பது வயதில் மாரடைப்பு மிக அரிது. அரிதான ஒன்று இரண்டு மடங்கானாலும் அரிதுதான். முதலில் வருவது பெரும்பாலும் மாரடைப்பு அல்ல, ரத்தக்கொதிப்பு. அதுவும் நினைப்பதைவிடச் சீக்கிரமாக. டென்மார்க்கில் லட்சக்கணக்கான பெண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். இருபதுகளில் முதல் குழந்தை பெற்றவர்களில், கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்த 100 பேரில் 14 பேருக்குப் பத்தாண்டுக்குள் ரத்தக்கொதிப்பு வந்திருந்தது. வராதவர்களில் 4 பேருக்குத்தான். நாற்பதுகளில் பெற்றவர்களில், நோய் வந்த 100 பேரில் 32 பேருக்கு, வராதவர்களில் 11 பேருக்கு. ரத்தக்கொதிப்புக்கு வலி கிடையாது, தலைசுற்றல்கூட இருக்க வேண்டியதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கர்ப்பத்தில் வந்த பிபி, இருபது வருடம் கழித்து இதயத்தை எப்படித் தொடும்?

வழக்கமான கர்ப்பத்தில், கருப்பைச் சுவரின் சுருள் தமனிகள் தசை தளர்ந்து வாய் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் விடும். இங்கே அவை குறுகலாகவே நின்றுவிடுகின்றன. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி, எஸ்-எஃப்எல்டி-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. ரத்தக்குழாயின் உட்புறப் பூச்சான உள்வரியைப் பராமரிக்கும் வளர்ச்சிக் காரணிகளை அந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்வரி கெட்டதும் குழாய்கள் இறுகி பிபி ஏறுகிறது, சிறுநீரக வடிகட்டி ஒழுகுகிறது, காலும் முகமும் வீங்குகின்றன.

பிரசவத்தோடு நஞ்சுக்கொடி வெளியேறிவிடும். உள்வரியில் பட்ட அடி அதே வேகத்தில் ஆறுவதில்லை. சிலருக்குக் குழாய்களின் விறைப்பும், இதயத்தின் இடது கீழறைச் சுவரின் தடிப்பும் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தெரிகின்றன. இது ஒரு பாதி.

இன்னொரு பாதி, கர்ப்பத்துக்கு முன்பே உடலில் இருந்தது. குடும்பத்தில் பிபி, சர்க்கரை, கொஞ்சம் கூடுதல் எடை என்று மறைந்திருந்த போக்கைக் கர்ப்பத்தின் சுமை வெளியே கொண்டுவந்து காட்டிவிடுகிறது. கர்ப்பத்தில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. இதைவிடப் பெரிய சோதனையை அந்த வயதில் இதயம் சந்திப்பதில்லை. இந்த நோயில் கருப்பைத் தமனிகளின் சுவரில் கொழுப்பு நிறைந்த அணுக்கள் சேர்ந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். மாரடைப்பு வந்தவரின் இதயத் தமனியில் காண்பதும் ஏறத்தாழ அதே காட்சிதான்.

நீங்கள் சரியாக ஓய்வெடுக்காததாலோ, கவலைப்பட்டதாலோ, எதையோ சாப்பிட்டதாலோ இது வரவில்லை. இதைத் தாய்மாருக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

யாருக்கு அபாயம் இன்னும் கூடுதல்?

34 வாரத்துக்கு முன்பே பிரசவம் செய்ய வேண்டி வந்தவர்களுக்கு, குழந்தை வளர்ச்சி குன்றிப் பிறந்தவர்களுக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட கர்ப்பத்தில் வந்தவர்களுக்கு. கூடவே கர்ப்பகாலச் சர்க்கரையும் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். கடைசி வாரத்தில் லேசாக வந்தவர்களுக்கு அபாயம் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் ஆறு வாரத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

நீண்டகாலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த ஆறு வாரத்தைப் பத்திரமாகக் கடக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் பிபி உச்சத்துக்குப் போவது 3 முதல் 6-ஆவது நாளுக்குள். சுகப்பிரசவம் ஆனவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வந்திருப்பார்கள். பிபி கடுமையாக இருந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களுக்கு 7 முதல் 10 நாளுக்குள்ளும் கட்டாயம் பிபி பார்க்க வேண்டும்.

வீட்டில் அளக்கும்போது 150/100 இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். 160/110 வந்தால், அல்லது விடாத தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தால் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். "தூக்கம் இல்லாததால் தலைவலி", "முதுகில் போட்ட ஊசியால் தலைவலி" என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிபியைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை உயர்த்த வேண்டியிருக்கிறது, கால் வீக்கம் வற்றுவதற்குப் பதில் கூடுகிறது என்றால் இதயத் தசை பலவீனம் அடைந்திருக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் 5 மாதம் வரை இது வரக்கூடும். பிரீ எக்லாம்சியா வந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் தெரிந்துவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டில் 220 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் வீட்டிலேயே தினமும் பிபி அளந்து, அதற்கேற்ப மருத்துவர் வழிகாட்டுதலோடு மாத்திரையின் அளவை மாற்றியவர்களுக்கு, ஒன்பது மாதம் கழித்துக் கீழ் எண் மற்றவர்களைவிடச் சுமார் 6 குறைவாக இருந்தது. மாத்திரை நின்ற பிறகும் அந்த வித்தியாசம் நிலைத்தது. முதல் வாரங்களில் பிபியை ஒழுங்காக வைப்பது அந்த வாரங்களுக்கு மட்டும் உதவும் வேலை அல்ல.

வீட்டில் பிபியைச் சரியாக அளப்பது எப்படி?

மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டையில் கைச்சுற்றளவு அச்சிட்டிருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து, உங்கள் அளவு அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். கை பருமனாக இருந்து பட்டை சிறியதாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலியில் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டில் ஓரம் கூடாது. பாதம் இரண்டும் தரையில். கால்மேல் கால் வேண்டாம். கை மேசையில் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டி விட்டுக் கட்டுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை. சுருட்டிய துணி கயிறு போல இறுக்கி அளவையே மாற்றிவிடும். நைட்டி போன்ற தளர்வான உடையில், வெறும் கையில் கட்டுங்கள். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே இருக்க வேண்டும். குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது அளக்காதீர்கள், அளக்கும்போது பேசாதீர்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒரு முறை, இப்படி 7 நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால் வீட்டில் அது 135/85.

என்னென்ன பரிசோதனை, எப்போது?

ஆறு முதல் எட்டு வாரத்தில் பிபி, எடை, சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியேட்டினின். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி இந்த நேரத்தில் நம்பகமானதல்ல. பிரசவத்தில் ரத்தம் போனதும் ரத்தசோகையும் அந்த எண்ணைத் திரித்துவிடும். கொலஸ்ட்ராலுக்கு அவசரப்படாதீர்கள். கர்ப்பத்தில் அது இயல்பாகவே ஏறும்; மூன்று மாதமாவது கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பிபி, வாழ்நாள் முழுக்க. குழந்தையின் பிறந்தநாள் மாதத்தில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் நன்றாக இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும். எத்தனை ஆண்டு என்பதை எண்களைப் பார்த்து மருத்துவர் சொல்வார். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் என்று "முழு உடல் பேக்கேஜ்" எடுக்க வேண்டியதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத முப்பது வயதுப் பெண்ணுக்கு அதைவிட ஒரு நல்ல பிபி மெஷின் அதிகம் பயன்படும்.

பிபி மாத்திரை தொடர்ந்து தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

"யூரினில் உப்பு போகுது" என்றார்கள். உப்பைக் குறைத்தால் சரியாகுமா?

ஊரில் உப்பு என்று சொல்வது உண்மையில் புரதம், அதாவது ஆல்புமின். சமையல் உப்பு அல்ல. சிறுநீரக வடிகட்டி சேதப்பட்டதால் அது ஒழுகுகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் நின்றுவிடும். மூன்று மாதம் கழித்தும் போனால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே சிறுநீரக நோய் மறைந்திருந்து இப்போதுதான் வெளிப்பட்டிருக்கலாம். நார்வேயின் பதிவுகளில், பிரீ எக்லாம்சியா வந்தவர்களுக்குப் பின்னாளில் டயாலிசிஸ் நிலை வரை சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. மொத்த எண்ணிக்கை மிகச் சிறியதுதான். ஆனாலும் ஒரு சிறுநீர்ச் சோதனையைத் தவறவிடுவதற்கு அது காரணமாகாது.

பால் கொடுக்கிறேன். பிபி மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். நிஃபெடிபின், அம்லோடிபின், லேபெட்டலால், எனலாப்ரில் ஆகியவை பாலில் மிகக் குறைவாகவே போகின்றன. குழந்தை குறைமாதமாக இருந்தால் எனலாப்ரில் தொடங்கும் முன் குழந்தை மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் கொடுத்த மெத்தில்டோபாவைப் பிரசவமான இரண்டு நாளுக்குள் மாற்றிவிடுவது நல்லது. அது மனச்சோர்வைக் கூட்டக்கூடும். டெல்மிசார்ட்டான் பொது மருத்துவர்கள் அதிகம் எழுதும் மாத்திரை. தாய்ப்பால் விஷயத்தில் அதற்குப் போதிய அனுபவம் இல்லாததால், பால் கொடுப்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பால் கொடுப்பது தாயின் ரத்தக்குழாய்களுக்கும் நல்லது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது. அது பிபியை ஏற்றும். பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின், கேபர்கோலின் மாத்திரைகளும் பிபி அடங்காதவர்களுக்கு ஆபத்து.

பத்தியச் சாப்பாடும் உப்பும்?

பூண்டு, பெருங்காயம், மிளகு ரசம் எதிலும் தவறில்லை. பால் சுரக்க என்று கொடுக்கும் சுறாப்புட்டைப் புதிய மீனில் செய்யுங்கள், கருவாட்டில் வேண்டாம். கருவாட்டில் உப்பு ஊறிக் கிடக்கும். பிரசவ லேகியத்தில் வெல்லமும் நெய்யும் அதிகம். கோலியளவு உருண்டை போதும், கரண்டிக் கணக்கில் வேண்டாம். தண்ணீர் குடிக்காதே என்று தடுப்பதும் சரியல்ல.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் எல்லை ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, ஒரு சிறு கரண்டி. வீட்டில் இதை அளப்பதற்கு எளிய வழி உண்டு. நான்கு பேர், 30 நாள், 5 கிராம் என்றால் மாதம் 600 கிராம். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதம் முடிவதற்குள் தீர்ந்தால், அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், வடாம் எல்லாம் கணக்கில் சேராமலே எல்லையைத் தாண்டியாகிவிட்டது. ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். முதலில் சோற்றிலும் மோரிலும் தனியாகப் போடுவதை நிறுத்துங்கள், பிறகு சாம்பாரில் வாரம் கொஞ்சமாக. மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும். "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. எனலாப்ரில் வகை மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

எடை, நடை?

நம் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கர்ப்பத்தில் ஏறிய எடை ஓராண்டுக்குள் இறங்காவிட்டால் அதுவே புது அடித்தளமாகிவிடும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்குதான். அறுவைப் பிரசவம் ஆனவர்கள் மெதுவாகத் தொடங்கி, ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு வேகம் கூட்டலாம். யாராவது குழந்தையை அரை மணி நேரம் வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும். வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய சிகிச்சை அதுதான்.

எந்தக் கருத்தடை பாதுகாப்பானது?

காப்பர் டி பிபியைத் தொடாது. வாரமொரு முறை எடுக்கும் சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் மட்டும் வாரம் இருமுறை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, பிபி 160/100-க்கு மேல் இருப்பவர்களுக்கு ஏற்றதல்ல. மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளை, இப்போது பிபி 140/90-ஐத் தாண்டியிருந்தால் தவிர்க்க வேண்டும். மாதவிலக்குக் கோளாறுக்கென்று எழுதும் மாத்திரைகளிலும் அதே ஈஸ்ட்ரோஜன் இருக்கலாம், சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

அடுத்த கர்ப்பத்திலும் வருமா?

சுமார் ஆறில் ஒருவருக்கு மீண்டும் வருகிறது. முந்தைய பிரசவம் 34 முதல் 37 வாரத்துக்குள் நடந்திருந்தால் நான்கில் ஒருவருக்கு. 28 முதல் 34-க்குள் என்றால் மூன்றில் ஒருவருக்கு. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பாருங்கள். எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகை மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும், 12-ஆவது வாரத்தையொட்டி, இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது நிரூபணமான தடுப்பு. 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அபாயம் உள்ள பெண்களுக்கு 150 மில்லிகிராம் கொடுத்தபோது 37 வாரத்துக்கு முன் வரும் பிரீ எக்லாம்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. 16 வாரம் கடந்து தொடங்கினால் பலன் குறைவு. ஐந்தாம் மாதத்தில் முதல் முறை மருத்துவமனைக்குப் போனால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும். கால்சியம் மாத்திரையைச் சாப்பிடுங்கள், ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே வேளையில் வேண்டாம்.

இதயத்துக்கென்று வாழ்நாள் முழுக்க ஆஸ்பிரினோ கொலஸ்ட்ரால் மாத்திரையோ வேண்டுமா?

பிரீ எக்லாம்சியா வந்தது என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம்.

நாற்பது வயதுக்கு மேல் எதைக் கவனிக்க வேண்டும்?

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் பிபியும் கொலஸ்ட்ராலும் ஒரு படி ஏறும். அப்போது மருத்துவர் பத்தாண்டு இதய அபாயத்தைக் கணக்கிட்டால், பெரும்பாலான கணக்கீட்டு அட்டவணைகளில் கர்ப்ப வரலாறுக்கு இடம் இல்லை. "அபாயம் குறைவு" என்றே வரும். அமெரிக்க இதயச் சங்கம் 2011-இலேயே பிரீ எக்லாம்சியாவை அபாயக் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. எனவே யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றில்லை. தாடை, முதுகு, தோள் வலி, மூச்சு வாங்கல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, படி ஏறும்போது இதுவரை இல்லாத களைப்பு. "வாயு" என்று ஓம வாட்டர் குடித்துக் காத்திருக்காமல் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

பதினைந்து வருடம் ஆகிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டு இல்லை. இப்போது என்ன செய்ய?

நினைவில் இருப்பதே போதும். குழந்தை பிறந்த ஆண்டு, எத்தனையாவது மாதம், என்ன எடை, வலிப்புக்கு ஊசி போட்டார்களா, ஐசியூவில் வைத்தார்களா, வீட்டுக்கு பிபி மாத்திரை கொடுத்து அனுப்பினார்களா? அம்மாவையும் உடன் இருந்தவர்களையும் கேட்டால் பாதி வந்துவிடும். இன்றைய பிபியையும் அளந்து, ஒரே தாளில் எழுதி ஆதார் அட்டையோடு வையுங்கள். போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"2010, முதல் பிரசவம். எட்டாம் மாதம், அறுவை. குழந்தை 1.7 கிலோ. பிபி அதிகம், சிறுநீரில் புரதம், வலிப்பு தடுக்க மெக்னீசியம் ஊசி. பிறகு இரண்டு மாதம் பிபி மாத்திரை. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. இந்த மாத வீட்டு பிபி சராசரி 138/88."

கடைசி வரியில் இருக்கும் அந்த எண் வீட்டு எல்லையான 135/85-ஐத் தாண்டியிருக்கிறது. இந்தத் தாளோடு இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.